மெல்போர்ன் சென்ட்ரல் செங்கல் கோபுரம்: குண்டு செய்ய இத்தனை உயரம் எதற்கு?

ஜூன் 3 | கேள்வி

மெல்போர்ன் வந்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் மெல்போர்ன் சென்ட்ரல் ரயில் நிலையத்தில்தான் இறங்குகிறேன். மேலே கடைவளாகத்தின் கண்ணாடிக் கூம்புக்குள் ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறதே, அது துப்பாக்கிக் குண்டு செய்த இடம் என்கிறார்கள். குண்டு என்றால் அச்சில் ஊற்றி எடுத்துவிட்டுப் போகலாம். 50 மீட்டர் எதற்கு? ஏதோ பழைய புகைபோக்கியை அழகுக்கு விட்டுவைத்துக் கதை கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.40

புகைபோக்கி இல்லை தம்பி. கூப் குடும்பத்தாரின் ஈயக்குண்டுக் கோபுரம். 1880களின் கடைசியில் கட்டியது. 1961 வரை வேலை நடந்தது.

அங்கே செய்தது ஒற்றைத் தோட்டா இல்லை. வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் நிரப்பும் பொடிக் குண்டு. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பால்ரஸ் என்பார்கள். ரவை என்றும் சொல்வதுண்டு, உப்புமா ரவை போல் அத்தனை பொடி என்பதால் எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். இதைப் போய் ஒவ்வொன்றாக அச்சில் வார்த்தால் ஒரு தோட்டாவை நிரப்பவே ஒரு பொழுது போய்விடும்.

கோபுரத்தின் உச்சியில் ஈயத்தை உருக்கி ஓட்டைத் தட்டில் ஊற்றுவார்கள். துளித்துளியாக உள்ளே விழும். விழும் வழியில் உருண்டையாகி, இறுகி, அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் வந்து சேரும். 50 மீட்டர் விழ 3.2 நொடி. அந்த 3.2 நொடிக்காகத்தான் அத்தனை செங்கல்லும்.

ஜூன் 3, இரவு 10.15

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. அந்தக் கோபுரத்தில் இயந்திரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. நடுவில் இருக்கும் காலி இடம்தான் இயந்திரம், சுவர் அதற்குப் போட்ட உறை. காற்றடித்தால் துளி திசை மாறும், ஒன்றோடொன்று ஒட்டும், அதனால் நான்கு பக்கமும் மூடிவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே பத்து வருடம் பிடித்தது. அத்தனை நாளும் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று காப்பி குடித்துவிட்டு ரயிலைப் பிடித்து ஓடியவன்தான் நானும்.

ஜூன் 4, காலை 7.05

“ஈயம் எப்படி உருண்டை ஆகிறது, காற்று தேய்த்தா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பரப்பு இழுவிசை. காய்ச்சல் பார்க்கும் பாதரசக் கருவி உடைந்து தரையில் மணிமணியாக ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். திரவத்தை அதன் போக்கில் விட்டால் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும். கீழே ஒரு பரப்பில் உட்கார்ந்தால் தன் எடையிலேயே சப்பையாகும், விழும்போது அந்தத் தொல்லை இல்லை.

நேற்று “விழும் வழியில் உருண்டையாகி” என்று எழுதியது அரைகுறை. உருண்டையாவது முதல் சில சாணிலேயே முடிந்துவிடுகிறது. மிச்ச உயரம் முழுக்க ஆறுவதற்கு. தண்ணீரைத் தொடும்போது மேல்தோலாவது இறுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்ட அடியில் நசுங்கிப்போகும். பெரிய குண்டு ஆற நேரம் பிடிக்கும், அதற்கு அதிக உயரம் வேண்டும். பல கோபுரங்களில் பொடிக் குண்டுக்கு நடுவிலேயே ஒரு தளம் இருக்கும், பெரியதற்கு மட்டும் உச்சி.

ஜூன் 4, இரவு 8.30

இன்று வேலையில் முழுக்க இதே நினைப்பு. பூந்தி ஞாபகம் வந்தது.

தீபாவளிக்கு அம்மா லட்டுக்குப் பூந்தி தேய்க்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் ஈடு எப்போதும் சோதனைதான். மாவு நீர்த்திருந்தால் பூந்தி சப்பையாக விழும். கெட்டியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வால் முளைக்கும். அம்மா அந்த வாலைப் பார்த்துவிட்டு ஒரு கை தண்ணீர் தெளித்துக் கலக்குவார். கரண்டியை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

ஈயக்குண்டிலும் அப்படியே ஒரு வால் கதை உண்டு. கோபுரம் வருவதற்கு நூறு வருடம் முன்பே, 1660களில், இங்கிலாந்தில் இளவரசர் ரூபர்ட் பெயரில் ஒரு முறை இருந்தது. சல்லடை வழியாக ஈயத்தைக் கொஞ்ச உயரத்திலிருந்தே தண்ணீரில் சொட்டவிடுவார்கள். விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665இல் அதை விவரித்து எழுதியிருக்கிறார். பாதிக் குண்டு தலைப்பிரட்டை மாதிரி வாலோடு வரும். வால் வைத்த குண்டு நேராகப் பறக்காது.

வாலைப் போக்க ஈயத்தில் கொஞ்சம் ஆர்செனிக் சேர்த்தார்கள். சுத்த ஈயம் காற்று பட்டதும் மேலே ஒரு ஆடை கட்டும், அந்த ஆடை துளியைச் சுருள விடாது. ஆர்செனிக் அதைச் சரிசெய்து துளியை உருள வைக்கிறது. அம்மா தெளித்த தண்ணீரின் வேலைதான், ஆனால் விஷம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஓட்டைத் தட்டில் வெறுமனே ஊற்றினால் ஈயம் கம்பியாக ஒழுகிவிடும். அதனால் உருக்கும்போது மேலே மிதக்கும் கசடையே வாரித் தட்டின் அடியில் பரப்பிவிடுவார்கள். அதற்குள் ஊறி ஊறி இறங்கும் ஈயம் சொட்டாகப் பிரியும். வேண்டாத கசடுக்கு இப்படி ஒரு வேலை கொடுத்த கை யாருடையதோ, அதைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஜூன் 5, காலை 6.50

ஒரு அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம். இதே ஈயமா? தூக்கிப் போடட்டுமா?”

வேறு ஈயம் அக்கா. நம் மொழியில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர், அதனால் வரும் பயம் இது. ரசச் சொம்பு வெள்ளீயம். கோபுரத்தில் விழுந்தது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி போய்விடும் என்று பெரியவர்கள் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும்.

ஆனால் ஒன்று. வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்பதும் நடக்கிறது. பாட்டி காலத்துச் சொம்பானாலும் சரி, புதிதாக வாங்கியதானாலும் சரி, ஒருமுறை சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். காரீயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். இதில் நான் விளையாட மாட்டேன்.

ஜூன் 5, காலை 7.10

இப்போதுதான் உறைத்தது. கூப் கோபுரத்தில் உச்சி வரை 327 படி. ஈயம் உருகுவது 327 டிகிரி. கட்டியவர்கள் நினைத்துச் செய்தது இல்லை, அந்தக் காலத்தில் இங்கே பாரன்ஹீட்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 6, இரவு 10.20

என் மகள் 11ஆம் வகுப்பு. நான் போட்ட 3.2 நொடிக் கணக்கைப் பார்த்துவிட்டு “காற்றின் தடையை எங்கே விட்டீர்கள் அப்பா?” என்றாள். உட்கார்ந்து இருவரும் போட்டோம்.

காற்றே இல்லாத வெற்றிடத்தில் விழுந்தால்தான் 3.2. அடியில் வேகம் மணிக்கு 113 கிலோமீட்டர். 2 மில்லிமீட்டர் குண்டு ஒன்று காற்றில் விழுந்தால் ஏறத்தாழ 3.7 நொடி, வேகம் 77 கிலோமீட்டர் பக்கம். காற்று தடுக்கத் தடுக்க ஆறுவதற்கு அரை நொடி கூடுதலாகக் கிடைக்கிறது, தண்ணீரில் படும் அடியும் குறைகிறது. ஆக முதல் பதிவில் எழுதிய 3.2ஐ அடித்துவிட்டு 3.7 என்று படியுங்கள். அவள் சொன்னதுதான் சரி.

அப்புறம் இன்னொரு கணக்கும் போட்டாள். அங்கே வாரத்துக்கு 6 டன் வரை குண்டு எடுத்திருக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டால் 12 கோடிக்கும் மேல். ஒரு வாரத்துக்கு! ஒவ்வொன்றும் தனியாக விழுந்து, தனியாக உருண்டு, தனியாக ஆறியது.

ஜூன் 7, மாலை 6.00

“உருகிய ஈயம் தண்ணீரில் விழுந்தால் வெடிக்காதா? எங்கள் பட்டறையில் ஈரம் பட்டாலே அலறுவார்கள்” என்று ஒரு நண்பர். பட்டறைக்காரர் கேள்வி, சரியான கேள்வி.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம் கடலோரம். தாத்தா வீச்சுவலைக்கு ஈயக்குண்டு தாமே வார்ப்பார். பழைய ஈயத் துண்டுகளை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் வைப்பார். கரண்டியின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்வாங்கும், திடீரென்று முழுக்கப் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என் முகம் அதில் தெரியும். “எட்டிப் பார்க்காதே” என்று அதட்டுவார். அச்சை வெயிலில் காயவைத்து, நெருப்பிலும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார். ஒரு மழைக்காலத்தில் அவசரத்துக்குக் காயாத அச்சில் ஊற்றிவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். மணிக்கட்டில் மூன்று இடத்தில் ஈயம் தெறித்தது. அந்த மூன்று வெள்ளைத் தழும்பும் கடைசி வரை இருந்தன.

காரணம் இது: ஈரத்தின் மேல் ஈயம் மூடிக்கொண்டால் அடியில் மாட்டிய தண்ணீர் நொடியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஈயத்தையே தூக்கி எறியும். கோபுரத்தில் நடப்பது நேர்மாறு. ஈயம் துளி, தண்ணீர் தொட்டி நிறைய. துளியும் தோல் இறுகித்தான் வருகிறது. ஆவி மாட்டிக்கொள்ள இடமே இல்லை.

ஜூன் 8, இரவு 9.00

முதலில் யார் செய்தது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழாய் வேலைக்காரர் வில்லியம் வாட்ஸ். 1782இல் காப்புரிமை வாங்கினார். ஈயத்தில் கை வைத்தே பிழைத்தவர், அந்தக் காலத்தில் குழாய் எல்லாம் ஈயம்தானே.

அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தனியாக இடம் தேடவில்லை. ரெட்கிளிஃப் பகுதியில் தாம் குடியிருந்த வீட்டின் மேலேயே கோபுரத்தை எழுப்பினார். அதுவும் போதவில்லை. வீட்டுத் தளங்களில் ஓட்டை போட்டு, அடியில் இருந்த மணற்பாறைக் குகை வரை வழி இறக்கிவிட்டார். பாதி உயரம் வானத்தில், பாதி பாதாளத்தில்.

பக்கத்துச் செயின்ட் மேரி ரெட்கிளிஃப் தேவாலயக் கூரையிலிருந்து ஈயம் மழையாகக் கொட்டுவதாக அவர் கனவு கண்டார் என்று ஒரு கதை உண்டு. கனவு கண்டது அவர் மனைவி என்றும் சொல்கிறார்கள். எனக்கு மனைவி கண்ட கனவாக இருந்தால்தான் பொருத்தம். வீட்டுக்குள் இடிப்பதற்குச் சம்மதித்தவர் அவர்தானே!

பிற்பாடு வாட்ஸ் அந்தப் பணத்தை வீடு கட்டி விற்கும் தொழிலில் போட்டார். பிரிஸ்டலின் கிளிஃப்டன் மலைச்சரிவில் விண்ட்சர் டெரஸ் என்ற வீட்டு வரிசைக்கு ஒரு பிரம்மாண்டமான தாங்குசுவர் எழுப்பியதில் பணம் கரைந்து, 1794இல் திவாலானார். உயரத்தால் பிழைத்த மனிதரை உயரமே சாய்த்துவிட்டது. நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 8, இரவு 9.25

அந்த முதல் கோபுரம் இன்று இல்லை. 1968இல் சாலையை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். உலகத்தில் இந்த வேலை தொடங்கிய இடம். 186 வருடம் நின்றது. பதிலுக்கு அதே ஊரில் சீஸ் லேன் என்ற தெருவில் 1969இல் கான்கிரீட்டில் புதிதாக ஒன்று கட்டினார்கள், அது நிற்கிறது.

ஜூன் 9, மதியம் 1.10

இங்கேதான் என் மனம் மாறியது. அதைச் சொல்லியாக வேண்டும்.

கூப் கோபுரத்தைக் கண்ணாடிக் கூம்புக்குள் அடைத்தது தப்பு என்று வருடக்கணக்காக நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். வெயிலும் மழையும் பட நிற்க வேண்டியதைச் சந்தைக்குள் பொம்மையாக வைத்துவிட்டார்கள், துணிக்கடைக்கு நடுவில் தொழிலாளியின் வியர்வைக்கு என்ன மரியாதை என்பேன். பிரிஸ்டல் கதையைத் திரும்பப் படித்த பிறகு அப்படிப் பேச வாய் வரவில்லை.

1973இல் இந்தக் கோபுரமும் இடிபட இருந்தது, தப்பியது. பிறகு கிஷோ குரோகாவா என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 84 மீட்டர் உயரக் கூம்பு எழும்பி, 1991இல் கடைகளோடு திறந்தது. கோபுரத்தைவிட 34 மீட்டர் அதிகம். கோபுரத்துக்குக் குடை பிடித்த மாதிரி. நகரும் படிக்கட்டில் போகிறவர் யாரானாலும் ஒருமுறை தலையை அண்ணாந்து பார்த்துவிடுகிறார். அந்த அண்ணாந்த பார்வை முக்கியம், ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியதே உயரம்தான்.

ஒப்பிட வேண்டுமானால் மெல்போர்னிலேயே அலெக்சாண்டிரா பரேட் சாலைக்குப் போங்கள். கிளிஃப்டன் ஹில் கோபுரம் 1882இல் கட்டியது, 80 மீட்டர், செங்கல்லில் வேலைப்பாடு அத்தனை அழகு. வானம் பார்க்கத்தான் நிற்கிறது. வண்டிகள் விரைகின்றன, நின்று பார்ப்பவர் யாரையும் நான் கண்டதில்லை. கூப் கோபுரம்தான் இந்த ஊரில் பழையது என்று நேரில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் தவறு. கிளிஃப்டன் ஹில்தான் மூத்தது.

ஜூன் 10, காலை 7.30

அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கும் நண்பர் தங்கள் ஊர்க் கோபுரத்தைச் சொல்லியிருக்கிறார். நன்றி, அதை விடக்கூடாது. 1828இல் கட்டிய ஃபீனிக்ஸ் கோபுரம், 71 மீட்டர், 11 லட்சம் செங்கல். ஒரு எண்ணெய் நிறுவனம் 1921இல் வாங்கி, இடித்துவிட்டுப் பெட்ரோல் பங்க் வைக்கப் பார்த்தது. ஊர் மக்கள் விடவில்லை. காசு திரட்டி வாங்கி 1928இல் நகரத்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே மெட்ரோ நிலையத்துக்கே கோபுரத்தின் பெயர்தான்.

ஜூன் 10, இரவு 9.50

தரம் பிரித்தது எப்படி என்று கேட்டவருக்கு: சாய்த்த கண்ணாடித் தட்டு. நல்ல உருண்டை வேகமாக உருண்டு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். கோணல் குண்டு தயங்கித் தயங்கி வந்து பள்ளத்தில் விழும், மறுபடி உருக்கு. பாட்டி முறத்தைச் சாய்த்து உளுந்தை உருட்டிவிட்டுக் கல்லை நிறுத்துவாரே, அதேதான். தேறியதைப் பீப்பாயில் கிராபைட் தூளோடு போட்டு உருட்டினால் மினுமினுப்பு வந்துவிடும்.

ஜூன் 11, இரவு 8.15

“கொலைக் கருவி செய்த இடத்துக்கு இத்தனை உருக்கமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன்.

பெரும்பாலும் முயலுக்கும் வாத்துக்கும் போன குண்டு அது. விக்டோரியாவில் 1859இல் வேட்டைப் பொழுதுபோக்குக்கென்று கொண்டுவந்து விட்ட முயல் பெருகி நிலத்தையே மொட்டையடித்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் முயலோடு முடியவில்லை. தவறிய குண்டெல்லாம் ஏரியின் அடியில் கிடக்கும். வாத்து வயிற்றுக்குள் தீனியை அரைக்க மணல் பொறுக்கும்போது அதையும் விழுங்கி, ஈய விஷமேறிச் சாகும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டு நாடெங்கும் தடை. இங்கே கூம்பைத் திறந்த அதே வருடம்.

உச்சியில் வேலை செய்தவர்களையும் நினைக்கிறேன். ஈயப் புகை, ஆர்செனிக் புகை, குறுகிய இடம், கீழே 50 மீட்டர் வெறும் பள்ளம். தாத்தாவின் தழும்பு வெளியே தெரிந்தது. இவர்களுக்குப் பட்டது உள்ளே. இதைச் சொல்லாமல் செங்கல் அழகை மட்டும் காட்டினால் அது பழமையைப் பாதுகாப்பது ஆகாது. நான் போனபோது கோபுரத்துக்குள் ஒரு துணிக்கடை, அதையொட்டிச் சின்னக் காட்சியகம். பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

ஜூன் 12, காலை 6.40

ஏன் 1961இல் நின்றது என்பதில் ஒரு பொருத்தம். அதே வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் லூயி பிளைமைஸ்டர் என்பவருக்குப் புது முறையில் காப்புரிமை கிடைத்தது. உருகிய ஈயத்தை ஓர் அங்குல உயரத்திலிருந்து சுடுநீரில் சொட்டவிட்டு, உள்ளேயே சரிவில் உருட்டுவது. 50 மீட்டர் ஒரு அங்குலமாகிவிட்டது! மெல்போர்னில் மூடியதற்குக் காரணம் குண்டு விற்பனை குறைந்ததுதான், இந்தக் காப்புரிமை அல்ல. இரண்டும் ஒரே வருடம், அவ்வளவே.

ஜூன் 14, மாலை 5.30

இன்று வேலை முடிந்து நேராக அங்கே போனேன். ஐந்து மணிக்குப் பெரிய தொங்கு கடிகாரம் திறந்து பாட்டு வாசித்தது, பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எனக்கு ஒரு யோசனை. மணிக்கொருமுறை அந்தப் பாட்டு முடிந்ததும், கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு சின்ன விளக்குப் புள்ளி சுவரோடு கீழே இறங்கட்டும். மெதுவாக வேண்டாம். சரியாக 3.7 நொடி. ஈயம் விழுந்த அதே வேகத்தில். நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன், மகள் கணக்கை இணைத்துத் தருகிறேன் என்கிறாள். யாராவது கூடக் கையெழுத்துப் போடுவதானால் சொல்லுங்கள்.

ஜூன் 16, இரவு 10.05

கேள்வி கேட்ட தம்பி கோபுரத்தடியில் நின்று எடுத்த படத்தைப் பார்த்தேன். அண்ணாந்து எடுத்திருக்கிறாய், சபாஷ்.

அடுத்த மாதம் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் போகிறாய் என்றால் டரூனாவை விடாதே. ஊருக்குத் தெற்கே, மணற்கல்லில் கட்டிய கோபுரம். அங்கே உள்ளே ஏறலாம். ஜோசப் மோயர் என்பவர் இரண்டே கொத்தனார்களை வைத்துக்கொண்டு 8 மாதத்தில் எழுப்பினார். பொறியாளர், தச்சர், மேஸ்திரி எல்லாம் தாமேதான். கட்டி முடித்த பிறகுதான் குண்டு செய்யும் ரகசியத்தையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, 1870 செப்டம்பர் 8 அன்று முதல் குண்டு விழுந்தது என்று கல்வெட்டில் அவரே சொல்லியிருக்கிறார். ஏறும்போது மரப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார். கீழிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் ஏறும். உச்சியில் வெளிமாடம், டெர்வென்ட் ஆறு கடலில் சேரும் இடம் வரை தெரியும். ஜூலையில் அங்கே காற்று கடுமை, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்.